கூத்துக்குப் புரவலர் யார்? சேலம், நாமக்கல் வட்டாரக் கலை ஆதரவுப் பணிகள் குறித்த ஒரு மதிப்பீடு

திறவுச்சொற்கள்: கூத்து, பாவைக்கூத்து, களரி, மணல்வீடு, புரவலர் மரபு, இலாப நோக்கற்ற அமைப்பு

சேலம், நாமக்கல் சமவெளியின் கூத்தைப் பற்றிய எழுத்துகளில் ‘அழிந்துவரும் கலை’ என்னும் தொடர் வாய்பாடாகிவிட்டது. நிதி கோரும் விண்ணப்பங்களிலும் விழா அழைப்பிதழ்களிலும் ஆய்வேடுகளின் முன்னுரைகளிலும் அது மாறாமல் இடம்பெறுகிறது. இரக்கத்தைத் திரட்ட அத்தொடர் உதவும்; எதை ஆதரிக்க வேண்டும் என்பதை அது மறைத்துவிடும். அழிவது கலையா, விடியவிடிய ஆடுவதற்குரிய களமும் கூலியுமா என்னும் வினாவை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

இவ்வட்டாரத்தில் கூத்துக்குப் புரவலர் ஊர்தான். மாரியம்மன், காளியம்மன் நோம்பிகளில் ஊரார் வரி போட்டுப் பணம் திரட்டிக் கூத்து வைக்கின்றனர். வேண்டுதலின் பொருட்டுத் தனியாரும் வைப்பதுண்டு. முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், தாளம் ஆகியவற்றின் துணையோடு மதுரைவீரன், ஆரவல்லி சூரவல்லி போன்ற கதைகள் பொழுது புலரும்வரை ஆடப்படுகின்றன. தென் மாவட்டங்களில் தோற்பாவைக்கூத்து பெரும்பாலும் மராத்தி பேசும் குடும்பங்களின் தொழிலாக இருக்க, இங்கே கூத்துக் கலைஞர்களே பாவையும் ஆட்டுகின்றனர். மழை வேண்டிப் பாவைக்கூத்து நடத்தும் வழக்கமும் உண்டு. ஆகவே கலைஞரின் வருவாய் பல சடங்குகளிலும் பல மாதங்களிலும் சிதறிக் கிடக்கிறது. ஓர் ஊர் நோம்பியில் கூத்தைக் கைவிட்டு ஆர்க்கெஸ்ட்ராவை அழைத்தால் அந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் பதிவாவதில்லை.

இச்சூழலில் மேட்டூர் வட்டம் ஏர்வாடியிலிருந்து எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன் முன்னெடுக்கும் களரி தொல்கலைகள் மற்றும் கலைஞர்கள் மேம்பாட்டு மையத்தின் பணி தனித்துக் கருதத்தக்கது. அவர் நடத்தும் ‘மணல்வீடு’ சிற்றிதழ் நவீன இலக்கியத்தோடு கூத்துக்கும் இடமளித்தது. அவரது சிறுகதைத் தொகுப்பொன்றின் பெயரே ‘மயில்ராவணன்’. களரியின் விழாக்கள் மூத்த கலைஞர்களைப் பாராட்டுவதோடு நின்றுவிடாமல், முழு இரவுக் கூத்தையும் பாவைக்கூத்தையும் கிராமத்திலேயே நிகழ்த்தச் செய்தன. நகர அரங்குக்குக் கலைஞரை அழைத்துச் செல்வதற்கு மாறாக, இலக்கிய வாசகரைக் களத்திற்கு வரவழைத்தது இம்முயற்சியின் நுட்பம். கூத்தை ‘எளிய மக்களின் பொழுதுபோக்கு’ என ஒதுக்கிய படித்தோர் பார்வையை எந்தக் கருத்தரங்கத்தைக் காட்டிலும் இது அதிகமாக அசைத்திருக்கும் என்பது என் துணிபு.

எனினும் இரண்டு குறைகளைச் சுட்ட வேண்டும். சிற்றிதழ் வாசகரின் கொடையால் நடைபெறும் அமைப்பு ஒருவரது உழைப்பையும் தொடர்புகளையுமே பெரிதும் சார்ந்திருக்கும். அது நிறுவனமாவது கடினம். பாராட்டு விழா முதியவருக்கு உரிய மதிப்பைத் தரும். இருபது வயதில் கூத்தா, விசைத்தறியா எனத் தயங்கி நிற்பவருக்கு அது விடையாகாது.

இளையோர் பயிற்சியையே முதன்மையாகக் கொண்ட மாற்று வழிக்குக் காஞ்சிபுரம் சான்று. அங்கு பெ. ராஜகோபால் முதலிய கலைஞர்கள் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினர். அவரும் டச்சு ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் 2002இல் தொடங்கிய குருகுலம், பள்ளிக் கல்வியையும் கூத்துப் பயிற்சியையும் ஒருங்கே வழங்கியது. ஆண்களே ஆடிவந்த கலையில் பெண்பிள்ளைகளையும் பயிற்றியது. நிறுவன வலிமையில் அதற்கு இணையாக எதுவும் சேலம் பகுதியில் எழவில்லை. ஆயினும் அக்குருகுலமும் 2020இல் மூடப்பட்டது. உறைவிடப் பள்ளி ஆண்டு முழுதும் செலவு கோருவது. கொடையோ திட்டக் காலத்தோடு முடிவது.

கொடையின் சட்டச் சூழலும் ஆராயத்தக்கது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதன் ஏழாம் அட்டவணையில் மரபுக் கலைகளும் உள்ளன. ஆனால் அச்சட்டம் பதிவுபெற்ற கம்பெனிகளையே கட்டுப்படுத்தும். நாமக்கல்லின் லாரித் தொழில், கோழிப்பண்ணை, திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டித் தொழில், சேலத்தின் ஜவ்வரிசி ஆலைகள் ஆகியவற்றில் தனியுரிமையும் கூட்டாண்மையும் மிகுதி. இவ்வட்டாரத்தின் செல்வத்தில் பெரும்பகுதி அச்சட்டத்தின் வலைக்கு வெளியே நிற்கிறது. அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தமோ, பெற்ற நிதியை வேறு அமைப்புக்குப் பகிர்வதைத் தடுத்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. பெரிய அமைப்பொன்று சிற்றூர் அமைப்புக்கு அந்நிதியைப் பங்கிட்டளிக்கும் வழி இதனால் அடைபட்டது.

ஆனால் இதே லாரி உரிமையாளரும் ஆலை முதலாளியும் தம் ஊர்க் கோயில் நோம்பிக்குக் கணக்குப் பாராமல் கொடுப்பவர்கள். அக்கொடையின் ஒரு பங்கைக் கூத்துக்குத் திருப்பக் கோயில் நிர்வாகக் குழுவோடு பேசுவதே ஆதரவுப் பணியின் முதல் வேலையாக இருக்க வேண்டும்; திட்ட அறிக்கை எழுதும் திறன் அதற்குப் பின்னரே தேவைப்படும். பண்பாட்டு விழாக்கள் ஒரு மணி நேரத்திற்குச் சுருக்கிக் கேட்கும் கூத்தில் கோமாளியின் பேச்சும் பார்வையாளரோடு நிகழும் வம்பும்தான் முதலில் வெட்டுப்படுகின்றன. நிதி வழங்குவோர் பயிற்சி முகாம்களின் எண்ணிக்கையைக் கேட்கின்றனர். ஓராண்டில் ஒரு குழு எத்தனை முழு இரவுகள் ஆடியது, ஒவ்வோர் இரவுக்கும் ஆட்டக்காரரும் மிருதங்கக்காரரும் எவ்வளவு பெற்றனர் என்பதை எந்தப் படிவமும் கேட்பதாகத் தெரியவில்லை.