ரேணரின் ‘தெமரெயர்’: வரலாறும் ஓவியமும்

நீர்ப்பரப்பிலே கலங்கள் மிதக்கும் ஓவியமொன்றைக் காணுமிடத்து, அதனை இயற்கை வனப்பின் பதிவாக மட்டும் கொண்டு அமைந்துவிடுதல் எளிது. ஆங்கில ஓவியர் ரேணர் 1839 ஆம் ஆண்டு காட்சிக்கு வைத்ததும், இன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளதுமான ‘தெமரெயர்’ ஓவியம் அத்தகைய நோக்குக்கு அடங்குவதன்று.

1805 இல் திரபல்கார் கடற்போரில் ஈடுபட்ட இப் பாய்க்கப்பல், 1838 செப்ரெம்பரில் உடைக்கப்படுதற்பொருட்டுத் தேம்சு நதிவழியே இழுத்துச் செல்லப்பட்டது. ஓவியத்தின் இடப்புறத்தே வெளிறிய பொன்னிறக் கப்பல். அதன் முன்னே கரிய சிறு நீராவிப் படகு. வலப்புறத்தே மறையும் செஞ்ஞாயிறு. பாயின் காலம் மறைந்து நீராவியின் காலம் தோன்றுவதற்கு இரங்கும் ஓவியம் இது என்பதே பொதுவாகக் கூறப்படும் விளக்கமாகும்.

இவ்விளக்கம் பிழையன்று, ஆயினும் போதாது. படகின் புகைபோக்கி உமிழும் தழலும் ஞாயிற்றின் செம்மையும் ஒரே நிறக் குடும்பத்தைச் சார்ந்தவை. ஒளியிழந்து நிற்பது கப்பலே. ஆற்றலோடு இயங்குவது படகு. இயந்திரத்தை வெறுத்த ஒருவர் இவ்வாறு தீட்டியிரார். 1844 இல் புகைவண்டியையே பொருளாகக் கொண்ட ஓவியமொன்றை இவர் காட்சிக்கு வைத்தமையும் இக் கருத்துக்கு அரண் செய்யும்.

வரலாற்றோடு ஒப்பிடுமிடத்து மாறுபாடுகள் சில புலனாகின்றன. கப்பலை இழுத்தவை இரண்டு படகுகள். ஓவியத்திலோ ஒன்றே உண்டு. பாய்மரங்கள் முன்னரே அகற்றப்பட்டிருந்தன. ஓவியத்திலோ அவை ஓங்கி நிற்கின்றன. மேற்கு நோக்கிச் சென்ற கப்பலுக்குப் பின்னே ஞாயிறு மறைகின்றது. இவற்றை ஓவியரின் அறியாமை எனல் பொருந்தாது. படகு ஒன்றானமையால் பழமையும் புதுமையும் நேர்நேராக எதிர்ப்படுகின்றன. பாய்மரங்கள் நிற்பதால் கப்பல் தன் பழம் பெருமையோடு விடைபெறுகின்றது. உள்ளடக்கத்தின் தேவையே ஈண்டு உருவத்தை நிருணயித்துள்ளது.

எனினும், நாம் எழுப்பவேண்டிய வினா ஒன்றுண்டு. 1813 இல் இக் கப்பல் சிறைக்கப்பலாக மாற்றப்பட்டது. போர்க்காலத் தோற்றத்தை மீட்டளித்த தூரிகை, கைதிகள் அடைபட்டுக் கிடந்த அக் காலத்தை முற்றாக மறைத்துவிட்டது. ஓவியத்தின் கலை வெற்றியை இது குறைப்பதன்று. ஆயின் அது எதனை நினைவிற்கொண்டது என்பதோடு, எதனை மறந்தது என்பதையும் சேர்த்து நோக்கும்போதே எமது விமரிசனம் நிறைவுபெறும்.