இராவணன் மந்திர அவை: ஒரு மறுநோக்கு

கம்பராமாயண யுத்த காண்டத்தின் இராவணன் மந்திரப் படலம், போரை எதிர்நோக்கும் அரசு தன்முன் உள்ள வழிகளை ஆராயும் காட்சியாகும். அனுமன் இலங்கையை எரித்து மீண்டபின் கூடிய இவ்வவை பிழைபட்டதற்கு, முகத்துதி செய்வோர் நிறைந்திருந்ததே காரணம் என வகுப்பறைகளில் விளக்கி வருகிறோம். நூலை நுணுகி நோக்கின் இவ்விளக்கம் போதாது எனக் கருதுகிறோம்.

அவை குறுகியது என்பது உண்மையே. கேள்விச் செல்வரையும் நண்பரையும் புறத்தே போக்கி, மக்கள், தம்பியர் போன்ற சுற்றத்தாரையே இராவணன் உடன் வைத்துக்கொள்கிறான். வண்டும் காற்றும்கூட விலக்கப்படுகின்றன. எனினும் மாற்றுக்குரல் அங்கு இல்லாமலில்லை. சீதையை வஞ்சனையால் பற்றுதல் அஞ்சினர் தொழில் என்று தான் முன்னரே அறிவித்ததைப் படைத்தலைவன் நினைவூட்டுகிறான். பிறன் மனைவியைச் சிறைவைத்த அன்றே அரக்கர் புகழ் ஒழிந்தது என்கிறான் கும்பகருணன்.

திருப்பம் இதன்பின் நிகழ்கிறது. சீதையை இனி விடுவித்தால் நாம் எளியர் ஆவோம். போரில் இறப்பினும் பழியன்று. ஆதலின் பகைவருக்குத் துணைப்படை பெருகுமுன் கடல் கடந்து தாக்குக என்று அவனே முடிக்கிறான். அறத்தை உணர்ந்த நாவே போருக்கு வழிகாட்டுகிறது. இராவணன் இதன் பிற்பகுதியை மட்டும் ஏற்று, இனி ஆராய்தல் பழுது என்கிறான். பின்னர் வீடணன் சீதையை விடுமாறு வேண்டும்போது, முடிவு முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே அவையைச் சாய்த்தது முகத்துதி மட்டுமன்று. பிழையை உணர்ந்தபின்னும் பின்வாங்க நாணும் மானமுமாகும்.

இதனை அங்கதன் தூதுப் படலத்துடன் ஒப்பிடுதல் தகும். படை இலங்கையை முற்றுகையிட்ட நிலையிலும் இராமன் தூதனுப்பக் கருதுகிறான். வீடணனும் சுக்கிரீவனும் இசைய, இலக்குவன் மறுக்கிறான். தன் முடிவும் போரே என்று ஒப்புக்கொள்ளும் இராமன், ஆயினும் நீதிநூல் நெறியைத் துறத்தல் நன்றோ என வினவி அங்கதனை விடுக்கிறான். தூது வெல்லும் என்னும் நம்பிக்கையால் அன்று, பகைவனுக்கும் திரும்பும் வழி ஒன்று திறந்திருத்தல் வேண்டும் என்பதனாலேயே அது விடுக்கப்படுவதாகக் கொள்ளலாம்.

இவ்விரு படலங்களையும் திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தோடு இணைத்துக் கற்பித்தல் நலம். அவ்வதிகாரம் கூறும் நால்வகை வலிகளைக் கணக்கிடுதல் அரிதன்று. தன் பிழையையும் அக்கணக்கில் சேர்த்தலே அரிது. இதனைக் கும்பகருணனின் சொற்களிலிருந்தே மாணவர் கற்றல் வேண்டும்.