ஒப்படைத்தால் போதுமா?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தல் முறைக்காகவே பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்து அந்தச் சபை விதிகளில் கணக்கருக்கும் ஒன்று உண்டு. எழுதிய கணக்கை அவரே ஒப்படைக்க வேண்டும். பெரியவர்கள் பார்த்து நேர்மையானவர் என்று ஏற்ற பிறகுதான் மீண்டும் பொறுப்பு. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் இந்த விதியின் முதல் பாதியை மட்டுமே பின்பற்றுகிறது.

அங்கே ஒவ்வொரு மாற்றமும் முதலில் 'வால்' (WAL) எனப்படும் பதிவு ஃபைலில் எழுதப்படும். வழக்கமாக 16 எம்.பி. கொண்ட ஃபைல் நிரம்பியதும், ஆர்க்கைவ் கமாண்ட் அதை வேறிடத்துக்கு நகலெடுக்கும். வெற்றி என்று பதில் வரும்வரை மூல ஃபைல் நீக்கப்படாது. இந்தப் பிடிவாதமே இதன் பெரும் பலம். ஒரு பேஸ் பேக்கப்பும் (தரவுத்தளத்தின் முழு நகல்) அறுபடாத வால் வரிசையும் கையிலிருந்தால், தவறுதலாக டேபிளை அழித்த நொடிக்கு முன்பே போய் நிற்கலாம். கிட்லேப் நிறுவனம் இந்த ஆர்க்கைவிங்கை இயக்கியிருக்கவில்லை. 2017 ஜனவரி 31 அன்று பின்தங்கிய நகல் சர்வரைச் சீராக்கப் போய், முதன்மைத் தரவே அழிந்தது; சுமார் 6 மணிநேரப் பதிவுகள் மீளவில்லை.

அதே பிடிவாதம்தான் பலவீனமும். நகல் போகும் டிஸ்க் நிரம்பினாலோ அனுமதி மாறினாலோ கமாண்ட் தோற்கும், ஃபைல்கள் குவியும், கடைசியில் சர்வரே நிற்கும். ஆரக்கிள் தரவுத்தளத்தில் இதுவே 'ஓஆர்ஏ-00257' என்ற பிழையாக வரும். பதற்றத்தில், வால் ஃபைல்கள் இருக்கும் பிஜி_வால் ஃபோல்டரில் கைவைத்து அழிப்பது தரவுத்தளத்தையே கெடுக்கும். கமாண்டை எப்போதும் 'வெற்றி' சொல்லும்படி மாற்றினால் வரிசை சத்தமில்லாமல் அறுந்துபோகும்; உடனே புதிய பேஸ் பேக்கப் எடுத்தாக வேண்டும். முதலில் பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவர் என்ற புள்ளிவிவரப் பட்டியலில் கடைசியாகத் தோற்ற ஃபைலையும், சர்வர் லாகில் அதன் காரணத்தையும் பாருங்கள். தடையை நீக்கினால் தேங்கியவை தாமாகவே போய்ச்சேரும்.

பெரிய குறை இதுவல்ல. கமாண்ட் வெற்றியைக் குறிக்கும் பூஜ்யத்தைத் திருப்பினால் போதும், போஸ்ட்கிரஸ் நம்பிவிடும். நகல் முழுமையா, படிக்க முடிகிறதா என்று சோதிக்காது. வெறும் 'சிபி' கமாண்டில் நகலெடுத்த உடன் மின்சாரம் போனால், ஃபைல் டிஸ்க்கில் இறங்காமலே போயிருக்கலாம். ஒப்படைப்பதில் இத்தனை கண்டிப்பு, சரிபார்ப்பதில் இத்தனை தாராளம் என்பது வடிவமைப்பின் சமநிலைக் கோளாறு. அதை நிர்வாகிதான் ஈடுகட்ட வேண்டும். மாதம் ஒருமுறையாவது வேறு சர்வரில் மீட்டெடுத்து, தெரிந்த ஒரு பதிவைத் தேடிப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறாத காப்பகத்தை நம்பி ஒரு ஊராட்சியின் வரிக்கணக்கைக்கூட ஒப்படைக்கக் கூடாது.