சிவப்பணுவின் முதுகில் ஒரு குமிழி

கார்ட்டூன் என்றவுடன் நம்மில் பலருக்கு எலியும் பூனையும் ஒன்றையொன்று துரத்துவதுதான் நினைவுக்கு வரும். சற்று விவரம் அறிந்தவர்கள் வால்ட் டிஸ்னியின் பெயரைச் சொல்வார்கள். இளைஞர்களாயின் ஜப்பானியத் தொடர்களை வரிசையாக அடுக்குவார்கள். இவர்களில் எவருடைய பட்டியலிலும் எளிதில் இடம் பெறாத ஒரு பிரெஞ்சுத் தொடரைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறோம். ஆங்கிலத்தில் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம்... லைஃப்’ என்ற பெயரில் அது அறியப்படுகிறது. நம் பாட்டிமார் கதை தொடங்கும் பாணியில் சொல்வதானால், ‘ஒரே ஓர் ஊரிலே... உயிர்’.

1987-ஆம் ஆண்டில் வெளிவந்த இத்தொடரை உருவாக்கியவர் ஆல்பேர் பாரியே (1920–2009). 1978-இல் மனித குல வரலாற்றையும், 1982-இல் விண்வெளியையும் பொருளாகக் கொண்டு இவர் இரு தொடர்களை முன்னரே தந்திருந்தார். மூன்றாவதாக எடுத்துக்கொண்டது மனித உடல். மொத்தம் 26 பகுதிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 நிமிடம். செல்லில் தொடங்கி, எலும்பு மஜ்ஜை, இரத்தம், இதயம், மூளை, கண், காது, கல்லீரல், சிறுநீரகம், தடுப்பூசி என்று வரிசையாகச் செல்கிறது. பாடத்திட்டம் போலத் தோன்றுகிறது அல்லவா? இத்தொடருக்கு உரிய மதிப்புக் கிடைக்காமல் போனதற்கு அதுவே ஒரு காரணம். கலை விமர்சகர்கள் இதைப் பாடம் என்று ஒதுக்கினார்கள். பாடம் நடத்துவோரோ இதைக் கார்ட்டூன் என்று ஒதுக்கினார்கள். இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரன் இரண்டு வீட்டிலும் பட்டினி கிடந்த கதைதான்.

ஓவியத்தின் அழகை மட்டும் அளவுகோலாக வைத்தால் இத்தொடர் தேர்ச்சி பெறாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளலாம். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. 25 நிமிடப் படத்துக்கு 36,000 சட்டங்கள் வேண்டும். ஒவ்வொரு ஓவியத்தையும் மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி வைத்தால்கூட 12,000 ஓவியங்கள் தேவை. தொலைக்காட்சித் தொடருக்குக் கிடைக்கும் பணத்திலும் காலத்திலும் இது பெரும் சுமை. ஆகவே இங்கும் ஒரே காட்சி மீண்டும் மீண்டும் வருகிறது. கூட்டத்தில் எல்லா முகமும் ஒரே முகமாக இருக்கிறது. ஆனால் வேடிக்கை பாருங்கள்: கோடிக்கணக்கில் ஒன்றுபோலவே இருக்கும் இரத்த அணுக்களைக் காட்டும் கதைக்கு இந்தச் சிக்கனம் பொருத்தமாகவே அமைந்துவிட்டது!

இனி முதுகுக் குமிழிக்கு வருவோம். இத்தொடரில் சிவப்பணுக்கள் சிறு மனிதர்களாக உலவுகின்றன. நுரையீரலில் ஆக்சிஜன் குமிழிகளை வாங்கி முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கின்றன. உடலின் செல்களுக்கு அவற்றைக் கொடுத்துவிட்டுக் கார்பன் டை ஆக்சைடைச் சுமந்து திரும்புகின்றன. அப்போது அவற்றின் நிறம் நீலமாகிறது. குளோபஸ் என்ற வயதான சிவப்பணு இளைய அணுக்களுக்கு வழியெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டே செல்கிறார்.

இந்த உவமையை அறிவியல் தராசில் வைத்துப் பார்ப்போம். ஒரு சிவப்பணுவில் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றும் நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளை ஏற்க வல்லது. எனவே ஒரே அணு நூறு கோடிக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளைச் சுமக்கிறது. அதை முதுகில் ஒரு மூட்டையாகக் காட்டுவதில் தவறு இல்லை, அது சுருக்கம். நீல நிறம் அவ்வாறன்று. ஆக்சிஜன் குறைந்த இரத்தம் கருஞ்சிவப்பாக இருக்குமே தவிர நீலமாக இராது. மேலும் கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் இறங்கிய அதே இடத்தில் ஏறிக்கொள்ளும் சரக்கும் அன்று. அதன் பெரும்பகுதி, ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு, பைகார்பனேட்டாக மாறிப் பிளாஸ்மாவில் கரைந்தே பயணம் செய்கிறது. அந்த மாற்றத்தை விரைவுபடுத்தும் நொதி சிவப்பணுவுக்குள் இருப்பதால், சிவப்பணுவுக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் ‘போகும்போது ஒரு மூட்டை, வரும்போது ஒரு மூட்டை’ என்ற கணக்கு பாதிதான் உண்மை.

அப்படியானால் இதைக் குறையுள்ள படம் என்று தள்ளிவிடலாமா? கூடாது என்பதே நம் கருத்து. பாடநூலில் இரத்த ஓட்டத்தின் படத்தைப் பார்த்த மாணவனுக்கு இதயம் ஓரிடத்தில், நுரையீரல் ஓரிடத்தில், அம்புக்குறிகள் நடுவில் என்றுதான் மனத்தில் பதிகிறது. அந்த அம்புக்குறியின் ஊடே போய்வருவது யார் என்ற கேள்வி அவனுக்கு எழுவதில்லை. ஓய்வாக இருக்கும் மனிதனின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. உடலில் உள்ள மொத்த இரத்தமும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே ஒரு சிவப்பணு ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் போதும். அதன் ஆயுளோ 120 நாட்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: வாழ்நாளில் ஒன்றே முக்கால் லட்சம் சுற்றுகளுக்கு அருகில் வரும். இந்தச் சலிக்காத நடையைத்தான் பாரியே கதையாக்கினார். உறுப்புகளைக் காட்டும் படங்கள் பல உண்டு. ஓர் உறுப்பிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் போக்குவரத்தைக் காட்டியது இத்தொடரின் தனிச்சிறப்பு.

இதைவிடப் பெரிய சாதனை ஒன்று கதையின் அமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு உலகங்கள் மாறி மாறி வருகின்றன. வெளியுலகில் சாதாரணக் குடும்பங்கள்: குழந்தைகள் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், காய்ச்சலில் படுக்கிறார்கள். உள்ளே அதே நேரத்தில் அணுக்களின் உலகம் பரபரக்கிறது. வெளியே ஒரு சிறுவன் முழங்காலைச் சிராய்த்துக்கொள்வது ஒரு நொடிச் செய்தி. உள்ளே அது கரை உடைந்த வெள்ளம். தட்டணுக்கள் ஓடி வந்து அடைக்க வேண்டும். வெள்ளையணுக்கள் நுழைந்துவிட்ட கிருமிகளைத் தேட வேண்டும். வெளியே இருப்பவனுக்கு உள்ளே நடப்பது தெரியாது. உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே என்ன நேர்ந்தது என்பது தெரியாது. இரண்டையும் அறிந்தவர் பார்வையாளர் ஒருவரே. நாடக ஆசிரியர்கள் பழங்காலந்தொட்டுக் கையாளும் இந்த உத்தியை உடலியலுக்குப் பயன்படுத்தி, காரணத்தையும் விளைவையும் ஒரு குழந்தை தானே இணைத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். விளக்கவுரை சொல்லித் தருவதைவிட இந்த வெட்டும் ஒட்டும் சொல்லித் தருவது மிகுதி.

இனி, உண்மையாகவே நாம் மறுக்க வேண்டிய இடங்கள்.

முதலாவது, தலைவர். பாரியேயின் தொடர்கள் அனைத்திலும் நீண்ட வெண்தாடியுடன் வரும் மாஸ்ட்ரோ என்ற முதியவர் இங்கே மூளையின் கட்டளை அறையில் அமர்ந்து உடலை நடத்துகிறார். செல்லின் உட்கருவிலும் இப்படியொரு நிர்வாகம். பார்க்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் உடலின் வியப்பே வேறு. பெரும்பாலான வேலைகள் எவருடைய கட்டளைக்கும் காத்திராமல் நடைபெறுகின்றன. இதயத்தின் துடிப்பைத் தொடங்கி வைப்பது இதயத்திலேயே உள்ள ஒரு சிறு திசுத்தொகுதி. மாற்று அறுவைச் சிகிச்சையில் நரம்புத் தொடர்பு அறுபட்ட இதயமும் புதிய உடலில் துடிக்கிறது. தட்டணு எந்த அலுவலகத்திலும் உத்தரவு வாங்குவதில்லை. கிழிந்த நாளத்தின் சுவரைத் தொட்டதும் ஒட்டிக்கொள்கிறது. தலைவன் இல்லாமலே ஒழுங்கு பிறக்கும் விதத்தைக் குழந்தைக்குச் சொல்ல இத்தொடருக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. அதைக் கட்டளை அறையின் கவர்ச்சி விழுங்கிவிட்டது.

இரண்டாவது, பகைவர். முந்தைய தொடர்களில் வந்த முரட்டுப் பெரியவனும் அவனுடைய குள்ளக் கூட்டாளியும் இதில் நோய்க்கிருமிகளாக வருகிறார்கள். வெள்ளையணுக்கள் காவல் துறையினர். சில நிணநீர் அணுக்கள் சிறு விமானங்களில் பறந்து எதிர்ப்பொருள்களைப் பூச்சிகள் போல ஏவுகின்றன. தடுப்பூசியின் செயலை விளக்க இந்தப் போர்க்காட்சி பெரிதும் உதவுகிறது என்பதில் ஐயமில்லை. எதிரியின் அடையாளத்தை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்வது என்ற கருத்தை இதைவிட எளிமையாகச் சொல்வது கடினம். ஆயினும் கிருமிக்கு ஒருமுறை வில்லன் முகத்தை வரைந்துவிட்டால் பிறகு அதை அழிப்பது எளிதன்று. 2016-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, நம் உடலின் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி என்றால், உடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. இவற்றில் பெரும்பாலானவை குடலில் தங்கி நமக்குத் தீங்கின்றி வாழ்பவை. பல நமக்கு உதவுபவை. அதுபோலவே, காவலரே தவறாகச் சொந்த வீட்டைத் தாக்கும் நோய்களும் உண்டு. ஒரு மகரந்தத் தூளுக்குப் படை திரட்டும் ஒவ்வாமையும் உண்டு. நல்லவர்–கெட்டவர் என்ற கோட்டை இவ்வளவு அழுத்தமாக வரைந்த படத்தில் இவற்றுக்கு இடம் தேடுவது கடினம்.

இத்தகைய முயற்சி பாரியேயோடு தொடங்கியதும் அன்று, முடிந்ததும் அன்று. 1957-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஃபிராங்க் காப்ரா ‘ஹீமோ தி மேக்னிஃபிசென்ட்’ என்ற ஏறத்தாழ ஒரு மணி நேரப் படத்தை அளித்தார். அதில் இரத்தமே ஒரு கார்ட்டூன் பாத்திரமாக வந்து, தன்னைப் புரிந்துகொள்ளாத மனிதர்களிடம் கோபித்துக்கொள்கிறது. இரத்தம் என்னவென்று ஒரே சொல்லில் கூறும்படி அது சவால் விடும்போது, ஆய்வாளர் கூறும் விடை ‘கடல் நீர்’. அழகான இடம். எனினும் அங்கே கற்பிப்பவர் கோட்டு அணிந்த ஆய்வாளரே. கார்ட்டூன் துணைக்கு வருகிறது. பாரியே ஆய்வாளரை வெளியேற்றிவிட்டு அணுக்களையே பேச வைத்தார்.

ஜப்பானில் அகானே ஷிமிசு 2015-இல் தொடங்கிய படக்கதை, ‘செல்ஸ் அட் வொர்க்’ என்ற பெயரில் 2018-இல் கார்ட்டூன் தொடராகி உலகெங்கும் பெயர் பெற்றது. ஓவியத்தில் அது பாரியேயின் தொடரை எளிதாக விஞ்சுகிறது. தட்டணுக்களைச் சிறு குழந்தைகளாக்கியது அருமையான கற்பனை. உருவில் அவை மற்ற இரத்த அணுக்களைவிடச் சிறியவை என்ற உண்மை அதில் அடங்கிவிடுகிறது. ஆனால் அக்கதையில் உடலுக்குச் சொந்தக்காரன் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெளியே விழுந்த சிறுவன் இல்லை; சிராய்ப்பைக் கழுவும் தாய் இல்லை. உள்ளுலகம் தனி நகரமாகி, சாகசக் கதைக்கு நல்ல களமாகிவிடுகிறது. நம் உடலுக்குள் இது நடக்கிறது என்ற உணர்வு அங்கே மங்குகிறது. இந்த ஓர் ஒப்பீட்டில் பழைய தொடரே மேல் என்று துணிந்து சொல்வோம்.

மிஷேல் லெக்ராண்டின் இசையையும் மறக்கக் கூடாது. தொடக்கப் பாடலைப் பாடிய சாண்ட்ரா கிம், 1986-இல் யூரோவிஷன் போட்டியில் வென்ற பெல்ஜியச் சிறுமி.

தொடரை முதன்முறையாகப் பார்க்க விரும்புவோர் வரிசைப்படி பார்க்க வேண்டும் என்பதில்லை. இரத்தம் பற்றிய பகுதியில் தொடங்கலாம். அடுத்துத் தட்டணுக்கள், பிறகு தடுப்பூசி. சிறுவர்களுடன் பார்க்கும்போது நீல நிறம் வரும் இடத்தில் படத்தை நிறுத்தி, இது ஓவியரின் வசதிக்காகத் தீட்டியது என்று சொல்லிவிடுவது நல்லது. குளோபஸ் பெரியவர் தோன்றும்போது அவருடைய வயதைக் கேளுங்கள். நூறு வயது என்பார்கள் குழந்தைகள். நூறு நாள் என்று திருத்துங்கள். அவர் வயதுச் சிவப்பணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள பெருவிழுங்கணுக்கள் விரைவில் விழுங்கிவிடும் என்பதையும், அவற்றின் இரும்பு மஜ்ஜைக்குத் திரும்பிப் புதிய அணுக்களுக்குப் பயன்படும் என்பதையும், அங்கே ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன என்பதையும் அப்போது சொல்லலாம். கடைசிப் பகுதிக்குப் பாரியே இட்ட தலைப்பும் ஏறக்குறைய இதுதான்: ‘உயிர் தொடர்கிறது’.