ஐந்தாம் நாற்காலி

'12 ஆங்ரி மென்' (1957) பற்றி எழுதுகிற எல்லாரும் எட்டாவது ஜூரரின் காலடியில்தான் போய் விழுகிறார்கள். ஹென்றி ஃபோண்டா. வெள்ளைக் கோட்டு, நிதானமான பேச்சு, பதினொரு பேரைத் தனி ஆளாக மாற்றிய மனசாட்சி. நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆம்பூரில் எங்கள் தெருவில் திரை கட்டி, வசனத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லிக் காட்டியபோது, தோல் ஷாப்பில் முப்பது வருஷம் சதை சீவிய பெரியவர் ஒருவர் ஃபோண்டாவைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் பிடித்துக்கொண்டது ஐந்தாவது ஆளை.

ஐந்தாவது ஜூரர் குப்பத்தில் வளர்ந்தவர். கூண்டில் நிற்கிற பையனும் குப்பத்துப் பையன். பட்டன் கத்தியில் பழகினவன் கீழிருந்து மேலாகத்தான் குத்துவான், செத்தவன் மார்பில் இருப்பதோ மேலிருந்து கீழே இறங்கிய காயம் என்று அவர்தான் பிடித்துக் காட்டுகிறார். "அவன் கத்தி பொழங்கற எடத்திலேந்து வந்தவம்பா. மத்தவங்க கத்திய கோர்ட்டு மேசைமேலதான் பாத்துக்கீறாங்க" என்றார் பெரியவர். சதை சீவும் கத்திக்கு இரண்டு பக்கமும் பிடி. தோலைக் கட்டைமேல் போட்டு, உடம்பு எடை முழுக்கக் கொடுத்துத் தள்ளணும். இது எந்த வக்கீலுக்குத் தெரியும்?

பன்னிரண்டு என்கிற எண்ணிக்கை இங்கேதான் முக்கியமாகிறது. 1970இல் ஃபுளோரிடா வழக்கொன்றில், பெருங்குற்ற விசாரணைக்கும் ஆறு பேர் போதும், அரசியல் சட்டம் பன்னிரண்டைக் கேட்கவில்லை என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். 1978இல் ஜார்ஜியாவின் ஐந்து பேர் ஜூரியைக் கூடாதென்றது. ஆள் குறையக் குறையச் சிறுபான்மையினர் உள்ளே வரும் வாய்ப்பும் குறையும் என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. ஆறே நாற்காலி என்றால் குப்பத்து ஆளுக்கு எது? (படத்தின் பன்னிரண்டு பேரிலேயே ஒரு கறுப்பர் இல்லை, ஒரு பெண் இல்லை. அது தனிக் கதை.)

1986இல் பாசு சட்டர்ஜி இதையே இந்தியில் 'ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா' என்று எடுத்தார். பன்னிரண்டு இந்தியர்கள் உட்கார்ந்து வாதாடுகிறார்கள். எந்த நாட்டில்? 1898ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே ஜூரி அதிகபட்சம் ஒன்பது பேர். ஒருமனதும் தேவையில்லை, லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945இல் தண்டிக்கப்பட்டது ஆறுக்கு மூன்று என்ற கணக்கில். மிச்சமிருந்த ஜூரியையும் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் துடைத்துப் போட்டது. நானாவதி வழக்காலதான் ஜூரி போச்சு என்கிறார்கள். அந்த ஜூரி 1959இல் வாய் திறப்பதற்கு முந்தின வருஷமே சட்டக் கமிஷன் ஒழிக்கச் சொல்லியாயிற்று.

போனதற்கு நாம் அழணுமா? ஜூரிப் பட்டியல் போட்டவர்கள் கலெக்டரும் செஷன்ஸ் நீதிபதியும். வெள்ளைக்காரன் கூண்டில் நின்றால், ஜூரியில் பாதிப் பேராவது ஐரோப்பியரோ அமெரிக்கரோ இருக்கணும்னு கேட்க அதே 1898 சட்டம் உரிமை தந்தது. சேரிக்காக அதில் ஒரு வரி கிடையாது.

ஜூரி இல்லாமல் நீதிபதிகளே தீர்த்ததையும் பார்த்தோம். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கில், 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. அவ்வளவு நிலமும் பணமும் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். மிராசுதார் எப்போது ஆள் அனுப்புவார், எப்போது தானே இறங்கி வருவார் என்று கீழத்தஞ்சையில் எந்தச் சேரிக் கிழவியைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். சேரிக்காரர்கள் அந்த வழக்கில் சாட்சிக் கூண்டுவரைதான் போனார்கள்.