மங்கும் விளக்கும் ஒரு குடம் தண்ணீரும்

படம் தொடங்குமுன் கொட்டகை விளக்குகள் மெல்ல மங்கும் அந்தச் சில நொடிகளிலேயே பாதிப் படம் பார்த்தாயிற்று. 1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டிய சினிமா, இன்று அருப்புக்கோட்டையில் ஒரு வீட்டு மாடியறைக்குள்ளும் அடங்கிவிடுகிறது. மயக்கம் மட்டும் பழையதே.

பழைய அரங்குகளில் மின்தடைச் சுருள்தான் விளக்கை மங்கவைத்தது; மிச்ச மின்சாரம் வெறும் சூடாய்ப் போனது. இன்றைய டிம்மருக்குள் இருக்கும் டிரையாக் என்ற மின்னணுச் சுவிட்ச், மின்னலையை நொடிக்கு 100 முறை வெட்டுகிறது. அதற்கு ஒத்துவராத எல்.இ.டி. பல்பு கண் சிமிட்டும். ஆகவே ‘டிம்மபிள்’ என்று கேட்டே வாங்க வேண்டும். புரொஜெக்டரை டிம்மர் வழியே கோக்கவே கூடாது. அதற்குத் தனி வயரும் தனி எம்.சி.பி. சுவிட்சும் வேண்டும். பல்பு வைத்த மாடல் என்றால் யு.பி.எஸ். நல்லது: கரண்ட் போய் விசிறி சட்டென நின்றால், சூடு ஆறாத பல்பின் ஆயுள் குறையும்.

இந்த வயரிங்கில் ரசிக்க வேண்டிய வேலை தரைக்குள், எர்த்தில் இருக்கிறது.

கரியும் உப்பும் அடுக்கி எர்த் குழாயைப் புதைத்தாலும், சித்திரை வெயிலில் திருச்சுழிப் பக்கத்து மண் காய்ந்தால் அதன் மின்தடை ஏறிவிடும். குழியில் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். குடிக்கவே குடம் எண்ணும் பூமியில் படத்துக்கும் ஒரு குடம்! அறையில் ஏ.சி. இருந்தால், அது சொட்டும் நீரை அந்தக் குழிக்கே திருப்பிவிடலாம்.