'ஷால்' என்றால் செக் மொழியில் என்ன? ஒரு அட்டவணையும் அதன் ஓட்டைகளும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்களை யூர்-லெக்ஸ் தளத்தில் இரண்டு மூன்று மொழிகளில் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கலாம். ஆங்கிலத்தையும் செக்கையும் அப்படி வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு காணாமல் போன சொல். ஆங்கிலத்தில் வரிக்கு வரி 'ஷால்' வருது. செக்கில் அதற்கு நேராக ஒரு சொல்லும் இல்லை.

சொல்லுக்குச் சொல் அட்டவணை போடுவது எங்களைப் போன்ற கம்ப்யூட்டர் ஆட்களுக்குப் பிடித்த வேலை. மஸ்ட் = முசீ, மே = மூஷெ, ஷுட் = ம்ஞெல் பி, ஷால் = மறுபடியும் முசீ. பார்க்க நேர்த்தியா இருக்கு. அரசு நிதித் திட்டங்களின் ஆவணங்களில் இந்த அட்டவணையை நம்பினால் யாரோ ஒருத்தர் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும் என்பதுதான் என் வாதம்.

முதல் ஓட்டை, எதிர்மறை. 'மஸ்ட் நாட்' என்பதில் அட்டவணைப்படி 'முசீ'க்கு எதிர்மறை சேர்த்தால் 'நெமுசீ' வரும். அதன் பொருள் 'செய்ய வேண்டியதில்லை'. 'செய்யக் கூடாது' என்பதற்குச் செக்கில் 'நெஸ்மீ' என்ற வேறு வினை இருக்கு. தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், கூடாது என்பதும் வேண்டியதில்லை என்பதும் நமக்கும் தனித்தனிதான். மானியத்தில் வாங்கிய கருவியை ஐந்து வருஷத்துக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை, விற்க வேண்டியதில்லை என்று மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தத் தவறைத் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் யாரும் செய்ய மாட்டார். அடுத்தது அவர்களையும் நின்று யோசிக்க வைக்கும். செக் வினைகள் பெரும்பாலும் ஜோடியாக இருக்கும். ஒன்று முடிந்த செயலைக் காட்டும், மற்றது தொடர்கிற அல்லது திரும்பத் திரும்ப நடக்கிற செயலைக் காட்டும். 'பயனாளி அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும்' என்பதை ஆங்கிலத்தில் 'ஷால் சப்மிட்' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஒரு தடவையா, வருஷா வருஷமா? அந்த வினை சொல்லாது. செக்கில் 'ப்ர்ஷெட்லொஷீ' என்று எழுதினால் ஒரு தடவை கொடுத்து முடிப்பது காதில் விழும், 'ப்ர்ஷெட்க்லாடா' என்றால் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருப்பது. பக்கத்தில் 'ஒவ்வொரு ஆண்டும்' என்று இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால், ஆங்கிலத்தில் எழுதியவர் முடிவு செய்யாததை மொழிபெயர்ப்பவர் முடிவு செய்ய வேண்டியிருக்கு.

இப்போது முக்கியமான ஓட்டை. செக் சட்ட நடையில் கடமையைச் சொல்லத் தனி வினை தேவையில்லை. 'உறுப்பு நாடு உறுதி செய்யும்', 'ஆணையம் ஏற்கும்' என்று சாதாரண வாக்கியமாக எழுதினால் போதும், சட்டத்துக்குள் இருப்பதாலேயே அது கட்டளை. பிரெஞ்சிலும் நிகழ்கால வினையே அந்த வேலையைச் செய்யுது. ஒன்றியச் சட்டங்களின் செக் வடிவத்தில் இந்த மரபு நன்றாகவே ஓடுது. அதில் எனக்குக் குறை இல்லை.

குறை, அந்த வாக்கியம் சட்டத்தை விட்டு வெளியே வரும்போது. செக் கல்வி அமைச்சகம் நடத்தும் 'யான் அமோஸ் கொமென்ஸ்கீ' செயல்திட்டம் மாதிரி ஒன்றிய நிதித் திட்டங்களுக்கு விண்ணப்பதாரர்களுக்கும் பயனாளிகளுக்கும் தனி விதிநூல்கள் உண்டு. படிப்பவர் வக்கீல் இல்லை, பள்ளித் தலைமை ஆசிரியர் அல்லது சின்ன ஊரின் மேயர். 'அலுவலகம் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும், விண்ணப்பதாரர் பட்ஜெட்டை இணைப்பார்' என்று படிக்கிறார். முதல் பாதி நடைமுறை விளக்கம், இரண்டாவது பாதி அவர் தலையில் உள்ள கடமை. இலக்கணத்தில் இரண்டும் ஒரே மாதிரி. ஆங்கிலத்தில் 'ஷால்' பிரித்துக் காட்டியதை இங்கே எதுவும் காட்டவில்லை.

விளைவு என்ன? செக் நாட்டின் 218/2000 எண் பட்ஜெட் விதிகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு 'பட்ஜெட் ஒழுங்கு மீறல்' பற்றிப் பேசுது. மானிய நிபந்தனையை மீறினால் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம், அதை வசூலிப்பது வரி அலுவலகம்.

'ஷுட்' இன்னும் வழுக்கும். ஒன்றியச் சட்டத்தின் முன்னுரைப் பத்திகளில் வரும் 'ஷுட்' கடமை அல்ல, காரண விளக்கம். அங்கே 'ம்ஞெல் பி' பொருத்தம். நிதி அழைப்பில் வரும் 'ஷுட்' வேறு. செய்யாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகாது, மதிப்பெண் குறையலாம். 'ம்ஞெல் பி' என்று போட்டால் நட்பான யோசனை மாதிரி தொனிக்கும். 'மா' என்ற வினை இன்னும் அழுத்தமானது. ஆனால் அதற்கு 'அப்படின்னு பேசிக்கிறாங்க' என்ற பொருளும் உண்டு. இணைய நெறிமுறைகளை எழுதுபவர்கள் இந்தத் தலைவலியை 1997இல் ஆர்எப்சி 2119 மூலம் தீர்த்தார்கள். மஸ்ட், ஷுட், மே ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று முதலிலேயே வரையறுத்தாச்சு. நிதித் திட்ட ஆவணங்களுக்கு அப்படி ஒரு பக்கம் போடுவதில் என்ன தடை?

'செக் வடிவம் வெறும் உதவிக்குத்தான், சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தைப் பாருங்கள்' என்று சிலர் சொல்லக்கூடும். ஒன்றியச் சட்டத்தைப் பொறுத்தவரை அது செல்லாது. 24 மொழிகளும் சம அதிகாரம் உள்ளவை. ஸ்கோமா-லுக்ஸ் என்ற செக் நிறுவனத்துக்கு, 2004 மார்ச்-மே காலத்தில் சுங்க விதிகளை மீறியதாக அபராதம் விதிக்கப்பட்டது. அந்த ஒன்றிய விதி அப்போது அதிகாரபூர்வ இதழில் செக்கில் வெளியாகி இருக்கவில்லை. மற்ற மொழிகளில் இருந்ததே, இணையத்திலும் கிடைத்ததே என்ற வாதம் எடுபடவில்லை. குடிமக்கள் மேல் அந்தக் கடமையைச் சுமத்த முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2007 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. செக்கில் வெளியாகாதவரை செக் குடிமகனுக்கு அந்தக் கடமையே இல்லை.

ஆகவே அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு கேள்வி கேட்கலாம்: இதைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும்? பணம் போகும் என்றால் 'யெ பொவினென்', அதாவது 'கடமைப்பட்டவர்', என்று வெளிப்படையாக எழுத வேண்டும். மதிப்பெண் குறையும் என்றால் அதையே சொல்லிவிட வேண்டும். ஒன்றுமே நடக்காது என்றால் சாதாரண வாக்கியம் போதும். எல்லா இடத்திலும் 'பொவினென்' போட்டால் நடை கனத்துப்போகும் என்பது நியாயமான ஆட்சேபம். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போடச் சொல்கிறேன்.

இந்தக் கேள்விக்கு மொழிபெயர்ப்பாளரால் பதில் சொல்ல முடியாத வாக்கியங்களும் வரும். அவற்றைத் திட்டத்தை எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடலாம். பல நேரம் அவருக்கும் பதில் தெரியாமல்தான் 'ஷால்' போட்டிருப்பார்.